நிலம் தாழ்ந்த பின்னர் பிறந்த சட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தவர் சட்டம் இயற்றுவதிற் பின்நிற்பவரல்லர். 1943இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கண்ணை எரிக்கும் புகைமூட்டம் படர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1947இல், காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டமோ, 2045க்குள் விற்பனையாகும் மின்சாரம் முழுவதும் கரியமிலவாயு வெளிவிடாத வழிகளிலே பெறப்படவேண்டுமென விதித்தது.

ஆயின் நிலக்கீழ் நீரின் கதை வேறு. சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வேளாண்மைக்காக நீரை அளவின்றி இறைத்தனர். 1925க்கும் 1977க்கும் இடையில் அங்கே ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 28 அடி தாழ்ந்தது. நீர் நீங்கிய களிமண் படைகள் நெருங்கி இறுகியமையே காரணம். இறுகிய படைகள், எத்துணை மழை பெய்யினும், முன்போல் நீரை ஏற்கமாட்டா.

இவ்வாறிருந்தும் மாநிலம் முழுவதற்குமான நிலக்கீழ் நீர்ச் சட்டம் 2014இலேதான் நிறைவேறியது. இறைப்பதும் ஊறுவதும் சமன்பட, 2040களின் தொடக்கம்வரை தவணையும் அளிக்கப்பட்டது.

இத்தாமதம் ஏன்? புகை எல்லோர் கண்ணையும் எரித்தது. நீர் குறைந்ததோ கண்ணுக்குத் தெரியவில்லை. மாசடைந்த காற்றைத் தூய்மையாக்கலாம், மின்நிலையத்தை மாற்றியமைக்கலாம், தாழ்ந்த நிலத்தை எந்தச் சட்டமும் உயர்த்தாது. காணாத கேட்டையும் முன்னறிந்து காப்பதே நாம் கற்கவேண்டிய பாடமன்றோ?