காவல்காரருக்குக் காவல் யார்?

இரவு மணி 2. ஊர் உறங்குகிறது. ஆனால், வட சென்னை உறங்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் செல்லும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. திருவொற்றியூரில் ஒரு கிடங்கின் வாசலில், கையில் டார்ச் விளக்கும் கழுத்தில் விசிலுமாக ஒரு காவல்காரர் நிற்கிறார். லாரி பின்னால் வரும்போது கையை ஆட்டி வழி காட்டுவதும் அவர்தான். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்வதும் அவர்தான்.

அந்த லாரிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. உள்ளே இருக்கும் சரக்குக்கும் உண்டு. கிடங்கு தீப்பற்றினால் அதற்கும் உண்டு. இவ்வளவையும் காவல் காக்கும் மனிதருக்கு உண்டா? அந்த லாரியே அவர் மீது ஏறிவிட்டால், அவருடைய மனைவி மக்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இரண்டு முதலாளிகள்

காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பவர் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர். அவர் காவல் நிற்பதோ வேறொரு கம்பெனியின் வாசலில். விபத்து நடந்தால் என்ன ஆகிறது? "அவர் எங்கள் ஆள் அல்ல, ஏஜென்சி ஆள்" என்று கம்பெனி சொல்லும். "கம்பெனி பணம் கொடுத்தால் நாங்கள் கொடுக்கிறோம்" என்று ஏஜென்சி சொல்லும். இரண்டு வாசல்களுக்கும் நடந்து நடந்து, அந்த வீட்டு அம்மாளின் செருப்புத்தான் தேயும்.

சட்டம் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1923-ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்திலேயே இதற்கு விடை இருந்தது. காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்தாலும், யாருடைய தொழிலுக்காக வேலை நடக்கிறதோ அவரிடமே நஷ்ட ஈடு கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம். தவறு யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

கணக்கைப் பாருங்கள்

ஒரு காவல்காரருக்கு மாதச் சம்பளம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டவர் என்றால், முதலாளி கட்டவேண்டியது சம்பளத்தில் 3.25 சதவிகிதம். அதாவது ரூ.487.50. தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், ரூ.112.50. 2019 ஜூலை முதல் இதுவே விகிதம். முதலாளியின் பங்கு ஒரு நாளைக்கு ரூ.16.25 ஆகிறது. ஒரு டீயின் விலை!

இந்த டீ விலைக்கு என்ன கிடைக்கிறது? வேலையில் காயம் பட்டால் சிகிச்சை. எழுந்து நடக்கும் வரை, சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவிகிதம். உயிரே போய்விட்டால், அதே அளவு தொகை குடும்பத்தாருக்குப் பங்கிட்டு மாதாமாதம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இந்த உதவி உண்டு.

இப்போது மறு பக்கத்தைப் பாருங்கள். அதே காவல்காரர் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்படவில்லை. வயது 40. 2024-ல் விபத்தில் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி ரூ.7,500. அதை அவர் வயதுக்குச் சட்டம் குறித்திருந்த 184.17 என்ற எண்ணால் பெருக்கினால், நஷ்ட ஈடு ரூ.13,81,275.

பத்து காவல்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கட்ட, முதலாளிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு ரூ.58,500. ஒரே ஒரு மரணத்துக்குக் கொடுக்கவேண்டிய தொகையோ, அந்தப் பத்து பேருக்கும் 23 ஆண்டுகள் கட்டும் பணத்தைவிட அதிகம். இதில் எது சிக்கனம்?

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவிகிதம் வட்டி ஏறும். தக்க காரணமின்றித் தாமதம் செய்தால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

மலிவு டெண்டர்

இது தெரிந்தும் சில ஏஜென்சிகள் ஏன் கட்டுவதில்லை? போட்டிதான் காரணம். கிடங்குக்கு நாலு காவல்காரர்கள் வேண்டும் என்று கம்பெனி விலை கேட்கிறது. ஒழுங்காகச் சம்பளம், பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ. எல்லாம் போட்டு ஒருவர் விலை சொல்கிறார். மற்றொருவர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்கிறார். வேலை குறைத்தவருக்குப் போகிறது. குறைத்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று கம்பெனி கேட்பதில்லை. அது காவல்காரரின் சட்டைப் பையிலிருந்தும், அவர் குடும்பத்தின் பாதுகாப்பிலிருந்தும் வந்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. நாற்பது பேர் வேலை செய்ய, பதினைந்து பேர் பெயரை மட்டும் கட்டணக் கணக்கில் காட்டுவது. மாதச் சம்பளம் ரூ.21,000-க்கு மேல் போனதால் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவர்களுக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசி எடுப்பார்கள். அதன் பிரிமியம் மொத்தச் சம்பளத்தையும் வேலையின் தன்மையையும் பொறுத்தது. சம்பளத்தைக் குறைத்து எழுதினால் பிரிமியம் குறையும். ஆனால், விபத்து நடந்த அன்று கணக்குப் புத்தகம் வெளியே வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். தாமதத்துக்கான அபராதம் எப்படியும் முதலாளியின் கைப்பணந்தான்.

வரும் வழியிலே

2003 ஏப்ரல் 22. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவல்காரர், விடியற்காலை 3 மணி முறைக்காக மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஆலைக்கு ஐந்து கிலோ மீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு ரூ.3,26,140-ம் 12 சதவிகித வட்டியும் கொடுக்கும்படி ஆணையர் உத்தரவிட்டார். "ஆலைக்கு வெளியே நடந்தது" என்று ஹைகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, "அந்த நேரத்தில் அந்தச் சாலையில் அவர் வந்ததே வேலைக்காகத்தான்" என்ற கருத்தில் அந்த உத்தரவை மீண்டும் நிலைநாட்டியது. நீதி கிடைத்தது, 22 ஆண்டுகள் கழித்து!

இப்போதைய சட்டத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நடந்ததே ஆகும். நள்ளிரவில் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பகுதிக் காவல்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிவாரணம் வேறு, உரிமை வேறு

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையத்தின் கட்டுமான இடத்தில் சாரம் சரிந்து, 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். மாநில அரசு குடும்பத்துக்குத் தலா ரூ.10 லட்சம் அறிவித்தது. பெரிய விபத்து என்றால் பத்திரிகையில் வருகிறது, அரசு உதவுகிறது. ஒற்றைக் காவல்காரர் ஒரு மூலையில் இறந்தால் யார் அறிவிப்பார்கள்? நிவாரணம் இரக்கத்தால் வருவது. நஷ்ட ஈடு உரிமையால் வருவது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

என்ன செய்யவேண்டும்?

காவல்காரர்களே! உங்கள் ஈ.எஸ்.ஐ. எண் என்ன என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். அதை எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். சிகிச்சைக்கு அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. "நஷ்ட ஈடு கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் பயப்படாதீர்கள். அந்தக் காகிதம் செல்லாது. "குடித்திருந்தார்" என்று சொல்லி, இறந்துபோனவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈட்டை மறுக்கவும் முடியாது. வயதாகிவிட்டது என்பதாலும் உரிமை போய்விடாது.

கம்பெனிக்காரர்களே! ஏஜென்சியின் பில்லுக்குப் பணம் கொடுக்குமுன், போன மாதம் ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதையும் அதோடு உள்ள பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள். அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டவேண்டும் என்பது விதி. உங்கள் வாசலில் நிற்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால், நாளை அந்தப் பொறுப்பு உங்கள் வாசலுக்கு வரும்.

ஒழுங்காக நடக்கும் ஏஜென்சிகளும் இருக்கின்றன. அவர்கள் மலிவு விலைக்காரர்களிடம் தோற்காமல் இருக்கவேண்டுமானால், இந்தப் பட்டியலைக் கேட்கும் பழக்கம் பரவவேண்டும்.

இன்று இரவும் அவர் டார்ச் விளக்குடன் நிற்பார். அவர் நிற்பதால்தான் சரக்குக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். அவருடைய வீட்டாரும் அப்படித் தூங்க, நாளைக்கு ரூ.16.25 அதிகமா?