கண்டவர் யார்? பில்பரா இரும்புத்தாதுத் தேடலின் சமூக அடிப்படை

இரும்புத்தாதுப் படிவுகளைத் தேடுதல் புவிச்சரிதவியலாளருக்குரிய பணியாகும். இலக்கிய மாணவராகிய நாம் அதனுள் நுழைவதற்கு ஒரு காரணம் உண்டு. பெருஞ் சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்டுபிடிப்புக் கதை உண்டு. அக்கதைக்கு ஒரு தலைவனும் உண்டு. 'கண்டவர் யார்?' என்னும் வினாவுக்கு அக்கதை தரும் விடையே, 'உரியவர் யார்?' என்னும் வினாவுக்கும் விடையாகிவிடுகின்றது. ஆதலின் அத்தகைய கதையொன்றை வரலாற்றோடு ஒப்புநோக்குவது எமது கடமையுமாகும். மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபால் அமைந்த பில்பராப் பிரதேசத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

பில்பரா ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது, மழை குன்றியது, கோடையில் வெப்பம் 45 பாகையையும் தாண்டும். இதன் தென்பகுதியில் ஹாமர்ஸ்லி மலைத்தொடர் உள்ளது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாயிருந்தது. கடல்நீரிற் கரைந்திருந்த இரும்பு, ஒட்சிசனோடு சேர்ந்து, சிலிக்காவுடன் மாறி மாறிப் படலம் படலமாகப் படிந்தது. இவ்வாறு தோன்றிய வரியிட்ட பாறையில் இரும்பின் அளவு ஏறத்தாழ 30 சதவீதமே. பின்னர் நெடுங்காலமாக நீர் சிலிக்காவைக் கரைத்துச் சென்ற இடங்களில் இரும்பு செறிந்து, 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட செழுமையுள்ள செந்நிறத் தாது எஞ்சியது. தாது தேடுவோர் காண விழைவது இத்தகைய இடங்களையே.

இப்பிரதேசம் பற்றிப் பரவலாக வழங்கும் கதை வருமாறு: மேய்ச்சற் பண்ணையாளரும் கல்நார்ச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டவருமான லாங் ஹான்கொக் 1952 நவம்பரில் தம் மனைவியுடன் சிறு விமானமொன்றில் பறந்துகொண்டிருந்தார். மேகங்கள் தாழ்ந்து வழியை மறைக்கவே, ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றினூடே விமானத்தைச் செலுத்த நேர்ந்தது. இருமருங்கும் எழுந்து நின்ற செந்நிறச் சுவர்கள் இரும்பு என்பதை அவர் அக்கணமே உணர்ந்தார். இக்கதையின் விபரங்கள் குறித்துப் பின்வந்தோர் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் அதன் அமைப்பே எமது கவனத்துக்குரியது. தனி மனிதன், இயற்கையின் சீற்றம், தற்செயல், திடீர்க் காட்சி, பெருஞ்செல்வம் என்னும் உறுப்புக்களால் ஆனது அது. சமூகத்துக்கு அதில் இடமே இல்லை.

வரலாறோ வேறு செய்தியைக் கூறுகின்றது. மேற்கு அவுஸ்திரேலிய அரசின் புவிச்சரிதவியலாளராயிருந்த வூட்வார்ட், இது இரும்பு மலிந்த நாடு என்பதை 1890ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். அறிந்த செல்வம் அறுபது ஆண்டுக்கு மேல் ஏன் தீண்டப்படாது கிடந்தது? துறைமுகம் இல்லை, புகையிரதப் பாதை இல்லை, அத்தனை தொலைவிலிருந்து தாதை வாங்கும் சந்தையும் இல்லை. இந்நிலையில் மலை மலையாகவே இருந்தது. அது 'தாது' ஆகவில்லை.

சட்டமும் குறுக்கே நின்றது. யப்பானிய மூலதனம் வடமேற்குக் கரையிலுள்ள யாம்பி விரிகுடாத் தாதில் நாட்டங்கொண்டிருந்த சூழலில், 1938இல் அவுஸ்திரேலிய மத்திய அரசு இரும்புத்தாது ஏற்றுமதியைத் தடைசெய்தது. நாட்டின் இருப்பு உள்நாட்டுத் தேவைக்கே போதாது என்பது கூறப்பட்ட காரணம். 1950களின் இறுதியிற்கூட உத்தியோகபூர்வ மதிப்பீடு 400 மில்லியன் தொன்னுக்கும் குறைவாகவே இருந்தது. இன்று அந்நாடு ஓராண்டில் ஏற்றுமதி செய்வதே 800 மில்லியன் தொன்னுக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி பில்பராவிலிருந்து செல்வது. விற்க முடியாதென்பதால் எவரும் தேடவில்லை. தேடாமையால் மதிப்பீடு உயரவில்லை. மதிப்பீடு உயராமையால் தடை நீடித்தது. இயற்கையின் வறுமை எனக் கருதப்பட்டது உண்மையிற் சமூக ஏற்பாடொன்றின் விளைவே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1957இல் மங்கனீசு தேடிச் சென்ற ஸ்ரான் ஹில்டிச் என்பவர் வேல்பக் மலையை இனங்கண்டார். அவரும் ஹான்கொக்கும் தாம் கண்டதை வெளியிடவில்லை. உரிமை கோரச் சட்டம் இடமளிக்காதபோது வெளியிடுவதாற் பயனில்லை அல்லவா? போருக்குப் பின் யப்பானின் உருக்குத் தொழில் பெருவளர்ச்சி கண்டது. 1960இன் இறுதியில் ஏற்றுமதித் தடை தளர்த்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுள் பெருநிறுவனங்கள் பில்பராவிற் குவிந்தன. 1962இல் ரொம் பிறைஸ் மலைப் படிவு இனங்காணப்பட்டது. 1966இல் பில்பராத் தாதை ஏற்றிய கப்பல்கள் யப்பானுக்குப் புறப்பட்டன. 1969இல் நியூமனிலிருந்து போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்துக்கு 426 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை இயங்கியது. ஹாமர்ஸ்லி நிறுவனம் தோண்டும் தாதின் மீது 2.5 சதவீத உரிமைப்பணம் ஹான்கொக்குக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒப்பந்தமாயிற்று. கண்டுபிடிப்புக் கதை நிரந்தர வருமானமாக உருமாறியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேடல் நடைபெறும் முறையை நோக்கினும் ஒருகணக் காட்சி என்னும் கருத்து நிலைபெறாது. வானிலிருந்து எடுத்த படங்களும் காந்தப்புல அளவீடுகளும் கொண்டு முதலிற் பாறைப்படம் வரையப்படுகின்றது. மேற்பரப்பிலிருந்து மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. பாதை வெட்டப்பட்டு, நீரும் எரிபொருளும் உணவும் துளைபொறிகளும் கொண்டுசெல்லப்படுகின்றன. குறித்த இடைவெளியிற் கட்டங் கட்டமாகத் துளையிட்டு, ஆழம் ஆழமாகப் பெறப்படும் மாதிரிகளில் இரும்பு, சிலிக்கா, அலுமினா, பொசுபரசு ஆகியவற்றின் அளவு பகுப்பாய்வு செய்யப்படுகின்றது. அதன் பின்னரே படிவின் வடிவும் கனவளவும் கணிக்கப்படுகின்றன. பொறி இயக்குநர், சாரதி, சமையலாளர், ஆய்வுகூட ஊழியர் எனப் பலரது உழைப்பின் திரட்சியே ஒரு 'கண்டுபிடிப்பு' ஆகும்.

துறைசார் கலைச்சொற்களே இவ்வுண்மையை ஒப்புக்கொள்கின்றன. அவுஸ்திரேலியாவில் 1989இல் வெளியான கனிப்பொருள் அறிக்கையிடல் விதிக்கோவை, 'வளம்' வேறு, 'ஒதுக்கு' வேறு எனப் பிரிக்கின்றது. நிலத்திலுள்ளதாகக் கணிக்கப்பட்டு, என்றேனும் பயன்தரக்கூடியது என நியாயமாக எதிர்பார்க்கப்படுவது வளம். விலை, போக்குவரத்து, சட்டம் முதலியவற்றைக் கருத்திற்கொண்டு இலாபகரமாக அகழக்கூடிய பகுதியே ஒதுக்கு. விலை வீழ்ந்தால் ஒதுக்குச் சுருங்கும். பாறை மட்டும் அப்படியே இருக்கும். தாது என்பது பாறையின் பண்பாக மாத்திரமன்றிச் சமூக உறவாகவும் இருப்பதை மூலதனத்தின் கணக்கேடே எமக்கு உணர்த்துகின்றது.

பில்பராவின் ஆதிக்குடிகள் இக்கதையில் எங்கே? மேய்ச்சற் பண்ணைகளில் அற்பக் கூலிக்கும், சிலவிடத்து வெறும் உணவுக்கும் உழைத்த அம்மக்களில் ஏறத்தாழ 800 பேர், 1946 மே முதலாந் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். டூலி பின் பின், கிளான்சி மக்கென்னா ஆகிய ஆதிக்குடித் தலைவர்களும், வெள்ளையரான டொன் மக்லியொட்டும் இதில் முன்னின்றனர். 1949 வரை நீடித்த இப்போராட்டத்தின்போது அவர்கள் தம் வாழ்வை நடத்திய வழிகளுள் ஒன்று கனிப்பொருள் தேடலாகும். விதையையும் உமியையும் பிரிக்கப் பெண்கள் தலைமுறைகளாகக் கையாண்ட 'யாண்டி' எனும் நீள்தட்டைக் கொண்டே வெள்ளீயம் முதலியவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து விற்றனர். டொனல்ட் ஸ்ருவர்ட் 1959இல் வெளியிட்ட 'யாண்டி' நாவல் இப்போராட்டத்தையே பொருளாகக் கொண்டது. கூட்டு உழைப்பும் மரபறிவும் இணைந்த கனிப்பொருள் தேடல் இங்கு நிகழ்ந்துள்ளது. எனினும் அது நாட்டின் வீரகதையாகவில்லை.

இந்த மறதி பழங்கதை அன்று. 2020 மே 24ஆம் திகதி, ரியோ ரின்ரோ நிறுவனம் தனது சுரங்க விரிவாக்கத்துக்காக யூக்கன் பள்ளத்தாக்கின் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அவை பூட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களின் புனித இடம். ஏறத்தாழ 46,000 ஆண்டுகளாக மனிதர் அங்கு வந்துசென்றமைக்குச் சான்றுகள் இருந்தன. அழிப்பதற்கான அனுமதி 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2013இல் வழங்கப்பட்டது. அதற்குப் பின் நடந்த அகழ்வில் 4,000 ஆண்டுப் பழமையான, மனித மயிராற் பின்னிய பட்டியின் துண்டு கிடைத்தது. புதிய சான்றைக் கொண்டு அனுமதியை மீளாய்வு செய்ய அச்சட்டத்தில் வழியில்லை. குகைகளைத் தவிர்க்கக்கூடிய சுரங்கத் திட்டங்கள் இருந்தும், மேலதிகமாக ஏறத்தாழ 80 இலட்சம் தொன் தாதை அடையத்தக்க திட்டமே தெரிவாயிற்று என்பது பாராளுமன்ற விசாரணையில் வெளியாயிற்று. நிறுவனத் தலைவர்கள் சிலர் பதவி விலகினர். பின்னர் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 யூலையில் நடைமுறைக்கு வந்து அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. பழைய சட்டமே திருத்தங்களுடன் மீண்டது.

ஹான்கொக், ஹில்டிச் போன்றோரின் துணிவையும் விடாமுயற்சியையும் மறுப்பது எமது நோக்கமன்று. தனிமனிதரின் பங்கு வரலாற்றில் உண்டு. ஆயின் அப்பங்குக்குக் களம் அமைப்பது சமூகமே. வெளிநாட்டுச் சந்தை, அரசின் சட்டம், தொழிலாளர் உழைப்பு ஆகியவை சேர்ந்தபோதே ஹாமர்ஸ்லி மலைகள் இரும்புத்தாது ஆயின. அவை மலைகளாகவே இருந்த பல்லாயிரம் ஆண்டுகளில் அவற்றைப் பெயரிட்டு அறிந்திருந்த மக்கள், 'கண்டவர்' பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே 'உரியவர்' பட்டியலிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. கண்டுபிடிப்புக் கதைகளைப் படிக்குந்தோறும், 'கண்டார்' என்னும் வினைக்கு எழுவாயாக நிற்பவர் யார், அவ்விடத்திலிருந்து நீக்கப்பட்டவர் யார் என்று கேட்கப் பழகுவோமாக. இலக்கியக் கல்வி எமக்குத் தந்துள்ள இச்சிறு கருவி, நிலமும் உழைப்பும் பற்றிய கேள்விகளிலும் பயன்படுவதே.