திவால் விடுவிப்பு ஆட்சேபமும் நடைமுறை நீதியும் (ஆஸ்திரேலியா)

திவால் விடுவிப்பு ஆட்சேபம் என்பது, ஆஸ்திரேலியாவில் திவாலான ஒருவர் உரிய காலத்தில் அந்நிலையிலிருந்து விடுபடுவதைத் தடுத்து, திவால் காலத்தை நீட்டிக்கும் சட்ட நடவடிக்கை ஆகும். 1966ஆம் ஆண்டின் திவால் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. கடனில் மூழ்கியவரால் வழக்குரைஞர் வைப்பது அரிது. எனவே, தாமே வாதிடுபவருக்கு முறையான விசாரணை கிடைக்கிறதா என்பது இதில் முக்கியமான கேள்வியாகும்.

பின்னணி

திவாலானவர் தம் சொத்து, கடன், வருமான விவரங்களை அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்நாளிலிருந்து 3 ஆண்டுகள் முடிந்ததும் அவர் தானாகவே விடுவிக்கப்படுகிறார். அதுவரை அவருடைய விவகாரங்களைப் பொறுப்பாளர் (டிரஸ்டி) ஒருவர் நிர்வகிப்பார். பொறுப்பாளரின் அனுமதியின்றி வெளிநாடு செல்ல முடியாது. நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதியைச் செலுத்த வேண்டும்.

விடுவிப்புக்கு முன் பொறுப்பாளர் ஆட்சேபம் தாக்கல் செய்தால், காரணத்தைப் பொறுத்துத் திவால் காலம் மொத்தம் 5 அல்லது 8 ஆண்டுகளாக நீளும். கேட்ட தகவலைத் தராமை, செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தாமை, விசாரணைக்கு வராமை போன்றவை சட்டம் கூறும் காரணங்களுள் சில.

ஆட்சேபத்துக்கு முன் விசாரணை எதுவும் நடைபெறுவதில்லை. தேசிய தனிநபர் நொடிப்புப் பதிவேட்டில் அது பதிவான நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். திவாலானவர் தம் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு அதன் பின்னரே வருகிறது. ஆகவே, அறிவிப்பில் என்ன எழுதப்பட்டுள்ளது, மறுஆய்வு எப்படி நடக்கிறது என்ற இரண்டையும் சார்ந்தே நடைமுறை நீதி அமைகிறது.

அறிவிப்பின் உள்ளடக்கம்

எந்தக் காரணத்தின் அடிப்படையில் ஆட்சேபிக்கிறார், அதற்கு என்ன சான்று உள்ளது என்பவற்றைப் பொறுப்பாளர் அறிவிப்பில் குறிப்பிட வேண்டும். அதன் பிரதியைத் திவாலானவருக்குத் தர வேண்டும். பொதுவான காரணங்களுக்கு, ஏன் ஆட்சேபிக்கிறார் என்ற விளக்கமும் தேவை. 'சிறப்புக் காரணங்கள்' எனச் சட்டம் வகைப்படுத்தியவற்றுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. எழுத்துமூலம் கேட்ட வருமான விவரத்தைத் தராமை அவ்வகையைச் சேர்ந்தது.

மறுஆய்வு

அறிவிப்பு கிடைத்த 60 நாட்களுக்குள் திவால்துறைத் தலைமை ஆய்வாளரிடம் மறுஆய்வு கோரலாம். காரணம் சட்டத்தில் இல்லாதது, சான்று போதாது, தரப்பட்ட விளக்கம் ஆட்சேபத்தை நியாயப்படுத்தவில்லை என்று கண்டால் அவர் ஆட்சேபத்தை ரத்து செய்வார். அவருடைய முடிவையும் ஏற்க முடியாதவர் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். முன்பிருந்த நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக இது 2024 அக்டோபர் 14 முதல் இயங்குகிறது.

தாமே வாதிடுபவர் எளிதில் தவறவிடும் விதி ஒன்று உண்டு. சிறப்புக் காரணம் சான்றுடன் நிறுவப்பட்டால், அந்தத் தவறுக்குத் தகுந்த காரணம் இருந்தது என்று திவாலானவரே காட்ட வேண்டும். அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் கணக்கில் எடுக்கப்படாது. எடுத்துக்காட்டாக, வருமான விவரம் கேட்டு வந்த கடிதத்துக்கு ஒருவர் பதில் தராமல், ஆட்சேபம் வந்த பின் எல்லா ஆவணங்களையும் அனுப்புகிறார் எனக் கொள்வோம். பின்னர் அனுப்பியது மட்டும் மறுஆய்வில் அவருக்கு உதவாது. அக்கடிதம் வந்தபோது மருத்துவமனையில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் காட்டினால், அது பரிசீலிக்கத்தக்க வாதமாகும். எனினும், பொறுப்பாளர் தாமே ஆட்சேபத்தைத் திரும்பப் பெறலாம். அதற்காக அவரிடம் கோரும்போது, தாமதமாக அனுப்பிய ஆவணங்களும் பயன்படக்கூடும்.

குடும்பக் கஷ்டத்தைப் பல பக்கங்களில் எழுதி, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாத விண்ணப்பம் தோற்கக்கூடும். எந்தக் கேள்விக்குப் பதில் தேவை என்பது விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு உண்மையான வாய்ப்பாகும்.

நடைமுறை நீதியின் இரு கூறுகள்

முதலாவது, மறுதரப்பைக் கேட்டல். கியோவா எதிர் வெஸ்ட் (1985) வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், ஒருவருக்குப் பாதகமான முக்கியத் தகவலைக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்பளிக்காமல் முடிவெடுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது. அது குடியேற்றம் தொடர்பான வழக்கு. ஆயினும் அதன் கோட்பாடு பிற துறைகளுக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது, சார்பின்மை. இதற்கான அளவுகோலை விளக்கிய எப்னர் (2000) தீர்ப்பு திவால் வழக்கிலிருந்தே எழுந்தது. கடன் கொடுத்த வங்கியில் நீதிபதிக்குப் பங்குத் தொடர்பு இருந்தது அதில் பிரச்சினையாயிற்று. நடுநிலையான பொதுமகன் ஒருவர், நீதிபதி திறந்த மனத்துடன் முடிவெடுக்காமல் போகலாம் என்று நியாயமாக ஐயுற முடியுமா என்பதே கேள்வி. அவ்வழக்கில் அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை என்று முடிவாயிற்று.

தாமே வாதிடுவோருக்கான உதவியும் வரம்பும்

தீர்ப்பாயத்தில் வழக்குரைஞர் கட்டாயமில்லை. சாட்சிய விதிகள் அங்கு கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதில்லை. முடிவெடுத்தவர் தம் காரணங்களையும் தொடர்புடைய ஆவணங்களையும் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்யப்படுவார்.

நீல் எதிர் நாட் (1994) வழக்கில் உயர் நீதிமன்றம், தாமே வாதிடுவோரின் குழம்பிய வாதத்துக்குள்ளிருந்து அவர்களுடைய உரிமையைக் கண்டறியும் சுமை நீதிமன்றத்தின் மேல் விழுவதைச் சுட்டிக்காட்டியது. இதற்கு எல்லையும் உண்டு. தீர்ப்பாளர் நடைமுறையை விளக்கலாம், பிரச்சினை எது என்று சொல்லலாம். ஆனால் விண்ணப்பதாரரின் வழக்குரைஞராக மாற முடியாது. அப்படி மாறினால் எதிர்த்தரப்புக்கு அநீதியாகிவிடும்.

தீர்ப்பாயத்தின் முடிவில் சட்டப் பிழை இருந்தால் மட்டும் 28 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நடைமுறை நீதி மீறப்பட்டதாக வாதிடுபவர், சொல்ல வாய்ப்புக் கிடைக்காத செய்தி எது, அது முடிவை எப்படி மாற்றியிருக்கக்கூடும் என்பவற்றைக் காட்ட வேண்டும். வெற்றி பெற்றாலும் வழக்கு பெரும்பாலும் மறுவிசாரணைக்கே அனுப்பப்படும். அதனால் ஆட்சேபம் தானாக நீங்கிவிடாது. எனவே முதல் 60 நாட்களுக்குள், அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாக, ஆதாரத்துடன் பதில் எழுதுவதே தாமே வாதிடுபவருக்குச் சிறந்த பாதுகாப்பாகும்.