வீட்டுக்கு ஒரு மல்ட்டி டூல் தேவையா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் தாயார் குளியலறைக்குள் அகப்பட்டுக்கொண்டார். கதவு ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகிவிட்டது. உள்ளிருந்து அவர் இழுக்கிறார், வெளியிலிருந்து நானும் என் மகனும் தள்ளுகிறோம், அசையவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு அவரைச் சுவரோரம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தோளால் இடித்துத் திறந்தோம். அவருக்கு 76 வயது. ஈரத் தரையில் கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கதவு திறந்ததோடு இன்னொன்றும் தெரிந்தது. நிலைக்காலின் அடியில் ஒரு சாண் உயரம் நீரில் ஊறி, கரையானும் ஏறி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. வந்து பார்த்த தச்சர், "நிலையையே பேர்த்து எடுத்துட்டு சிமெண்ட் நிலை வெச்சிடலாம் அண்ணே" என்றார். அப்படியானால் சுவரை உடைக்க வேண்டும், டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். அதைவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம், அது என் தகப்பனார் வைத்த படாக் மர நிலை. அடி ஒரு சாணைத் தவிர மீதியெல்லாம் இன்றும் இரும்பு மாதிரி இருக்கிறது.

சாத்தத்தைச் சுற்றி வாழும் நமக்குப் படாக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் அறுபட்ட மரம்தான் இங்குள்ள பல பழைய வீடுகளின் நிலையும் சன்னலும். 1942இல் ஆலைமீது குண்டு விழுந்த பள்ளத்தை ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கெல்லாம் காட்டியிருப்போம். ஆனால் 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, வணிகத்துக்காகக் காட்டில் மரம் வெட்டுவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. காட்டுக்கு நல்லதுதான். ஆகவே, ஒரு முழு படாக் நிலையைப் பேர்த்து எறிந்தால் அதே போன்ற இன்னொன்றை நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது.

இந்த நிலையில்தான் என் மகன் கைப்பேசியில் ஒரு கருவியைக் காட்டினான். "ஆஸிலேட்டிங் மல்ட்டி டூல்" என்று பெயர். அறுக்கும், சுரண்டும், தேய்க்கும், டைல்ஸ் இடுக்கைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் விளம்பரம். எல்லாம் செய்யும் என்று சொல்லப்படும் பொருள் எதையும் உருப்படியாகச் செய்யாது என்பது என் அனுபவம். ஆனாலும் வாங்கினேன். நம் சங்கத்து நண்பர்கள் சிலரும் இதைப் பற்றி விசாரித்ததால், கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பது. ஆலையின் பட்டை ரம்பம் ஒரே திசையில் ஓடுகிறது. வட்ட ரம்பம் சுழல்கிறது. இந்தக் கருவியின் பிளேடு ஓடுவதும் இல்லை, சுழல்வதும் இல்லை. நடுங்குகிறது. உள்ளே சுழலும் மோட்டாரின் தண்டு சற்று மையம் தவறி அமைந்து, ஒரு கவையை இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் பிளேடு மொத்தம் 3, 4 பாகை அளவுக்கே ஊசலாடுகிறது. நுனியில் அளந்தால் நாலைந்து மில்லிமீட்டர் அசைவுதான். ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் தடவை.

எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவர்கள் இதன் மூத்த சகோதரனைப் பார்த்திருப்பார்கள். கட்டைப் பிரிக்க மருத்துவமனையில் கொண்டுவரும் சிறு ரம்பம் இதே தத்துவத்தில் இயங்குவது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் அதை உருவாக்கினார். கடினமான மாவுக்கட்டு அசையாமல் நிற்பதால் அறுபடுகிறது. தோலோ அந்தச் சிறு அசைவோடு சேர்ந்து அசைந்து கொடுத்துத் தப்பிக்கிறது. பின்னர் ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி இந்த முறையைத் தொழிற்கருவியாக வளர்த்தது. அதன் காப்புரிமைக் காலம் 2000களின் இறுதியில் முடிந்ததும் பல கம்பெனிகள் செய்யத் தொடங்க, விலையும் இறங்கியது. இதைப் படித்துவிட்டு மரம் அறுக்கும் பிளேடில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அதன் பற்கள் வேறு, கட்டாயம் கிழிக்கும்.

சரி, என் கதவுக்கு வருகிறேன். கதவு இறுகியதற்கு இந்தக் கருவியே தேவைப்படவில்லை! மரம் ஈரத்தில் ஊதும்போது அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் ஏறக்குறைய ஊதுவதே இல்லை. ஆகவே கதவு பெரும்பாலும் தாழ்ப்பாள் பக்கத்தில் முட்டும். அதற்கு வேண்டியது சாதாரண இழைப்புளி. தச்சர் கதவைக் கழற்றி, பத்து நிமிடத்தில் இழைத்து, இழைத்த இடத்துக்குப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி ஊதும். கதவு இறுகுகிறது என்பதற்காக மட்டும் யாரும் மல்ட்டி டூல் வாங்க வேண்டாம்.

நிலைக்கால்தான் இதற்கு உரிய வேலை. சுவரோடு ஒட்டி நிற்கும் மரத்தில் கைரம்பத்தை ஓட்ட இடமே கிடையாது. உளியால் கொத்தினால் நல்ல மரமும் பிளக்கும். இந்தக் கருவியின் பிளேடு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால் நேராக மரத்துக்குள் இறக்கலாம். உளுத்த பகுதிக்கு இரண்டு அங்குலம் மேலே, நீர் வெளிப்பக்கம் வடியும்படி சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டேன். பிளேடு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்காது. ஆகவே இரண்டு பக்கமிருந்தும் அறுத்து, நடுவில் மிஞ்சியதை உளியால் எடுத்தேன்.

முதல் பிளேடு இரண்டு நிமிடத்தில் போயிற்று. மரத்துக்குள் பழைய ஆணி இருந்ததை நான் கவனிக்கவில்லை. பல் அத்தனையும் மழுங்கி, மரம் அறுபடுவதற்குப் பதில் கருகிப் புகைந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புகை நாற்றத்துக்கு எட்டிப் பார்த்தார். "தம்பி, மோட்டாரை எவன் வேணும்னாலும் செய்வான். பல்லைப் பாருங்க" என்றார். அழுத்தாமல், பிளேடை லேசாக அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டே, இடையிடையே எடுத்து ஆறவிட்டு அறுக்கச் சொன்னார். பிறகு பை-மெட்டல் பிளேடு வாங்கினேன். மரத்தோடு ஆணியையும் சேர்த்து அறுத்தது.

தச்சுப் பட்டறையில் வாங்கிய படாக் துண்டு ஒன்றை அளவுக்குச் செதுக்கி, எபாக்ஸி பசையும் இரண்டு பித்தளைத் திருகும் போட்டுப் பொருத்தினேன். இரும்புத் திருகு இங்கே துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். துண்டின் அடிமுனையில் மரக்காப்பு எண்ணெய் இரண்டு தடவை பூசி, தரையிலிருந்து கால் அங்குலம் தூக்கி வைத்தேன். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த வெட்டுமுனை வழியாகத்தான். புதுத் துண்டு இரத்தச் சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது பழையதோடு கலந்து வருகிறது.

இனி விலை. நான் 3,400 ரூபாய் கொடுத்தேன். பெயர் பெற்ற கம்பெனிகளின் கருவி இதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் உண்மையான செலவு பிளேடில்தான். நல்ல பிளேடு ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் ஆகும், அது தேய்கிற பண்டம். வாங்குமுன் பிளேடு மாட்டும் அமைப்பைப் பாருங்கள். ஃபைனும் பாஷும் சேர்ந்து கொண்டுவந்த ஸ்டார்லாக் என்ற அமைப்பு சில கருவிகளில் உண்டு, பழைய திறந்த வாய் அமைப்பு மற்றவற்றில் உண்டு. எல்லாப் பிளேடும் எல்லாவற்றிலும் பொருந்தாது. பொருந்தாத பிளேடை மெயின்லாந்திலிருந்து வரவழைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவது எவ்வளவு தொல்லை என்பது நமக்குத் தெரிந்ததே.

டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன வெள்ளைச் சிமெண்டை எடுக்க, பிளைவுட்டில் சுவிட்ச் பெட்டிக்குச் சதுரம் வெட்ட, சன்னல் மூலையில் பழைய பெயிண்டைத் தேய்க்க இது நன்றாகவே உதவுகிறது. நீளமாகப் பலகை அறுக்கவோ, மேசை முழுவதும் தேய்க்கவோ பயன்படாது. கை மரத்துப்போகும், பிளேடு வீணாகும். சொந்த வீடு, அதுவும் பழைய மர வேலைப்பாடு உள்ள வீடு என்றால் வாங்கலாம். அரசுக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். வீட்டில் துளைபோடும் டிரில் இல்லாதவர்கள் அதை முதலில் வாங்குங்கள்.

படாக் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் முதல் நாள் வேலை செய்து இரவெல்லாம் தும்மினேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அருகே இந்தக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கொல்லும். சுவரில் வெட்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு இணைப்பிலிருந்து கருவிக்கு மின்சாரம் எடுங்கள். உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்பது வீட்டைக் கட்டியவருக்கே மறந்திருக்கும்.

நம் உப்புக் காற்றில் பிளேடு ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது. வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுகிறேன். தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் இதுவரை இரவல் வாங்கியிருக்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம், பிளேடை மட்டும் அவரவரே வாங்கி வர வேண்டும்.