உங்களுக்குத் தெரியுமா? நாமக்கல்லில் ஒரு வார இறுதி

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1077-இல் கட்டத் தொடங்கிய மலைக்கோட்டையைப் பார்க்க உலகமே போகிறது. நம் நாமக்கல்லிலும் ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. வெயில் ஏறுமுன் படியேறிவிடுங்கள், பாறை சீக்கிரம் சுட்டுவிடும்.

ஆனால் உண்மையான புதையல் அடிவாரத்தில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த இரண்டு குடைவரைகள்: மேற்கில் நரசிம்மர், கிழக்கில் பள்ளிகொண்ட அரங்கநாதர். நரசிம்மர் குடைவரையின் சுவரில் இரணியனைக் கிழிக்கும் சிற்பத்தையும், காலை உயரத் தூக்கிய திரிவிக்கிரமரையும் நின்று நிதானமாகப் பாருங்கள். அவசரமாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவோர் இழப்பது அதிகம். இங்குள்ள நாமகிரித் தாயார்தான் கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம். எதிரே 18 அடி ஆஞ்சநேயர், கூரையின்றி வெட்டவெளியில் கைகூப்பி நிற்கிறார்.

மறுநாள் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. திரும்ப ஏறத் தெம்பு வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம்.