களையைக் கொல்வது இரும்பா, வெயிலா?

பள்ளித் திடலின் ஓரத்தில், தாமான் நடைபாதையின் சிமெண்டு இடுக்கில், தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் ஒரு புல்லை நீங்கள் பலமுறை மிதித்திருப்பீர்கள். அதன் அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக இருக்கும். நடுவிலிருந்து எழும் காம்பின் உச்சியில், விரல்களை விரித்தது போல் சில கதிர்கள் நிற்கும். பிடுங்கிப் பாருங்கள், எளிதில் வராது. மலாயில் இதற்கு 'ரும்புட் சம்பாவ்' என்று பெயர். தமிழில் திப்பராகி என்பார்கள். பெயரிலேயே ராகி இருப்பது தற்செயலன்று. நாம் கூழ் காய்ச்சிக் குடிக்கும் கேழ்வரகுக்கு இது நெருங்கிய உறவு.

சாதாரணமாகத் தெரியும் இந்தப் புல் அறிவியல் உலகில் புகழ் பெற்றது. கிளைபோசேட் என்பது உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் களைக்கொல்லி. அது செடிக்குள் ஒரு நொதியைப் பூட்டிவிடும். அந்த நொதி இல்லாமல் செடியால் தனக்குத் தேவையான சில அமினோ அமிலங்களை உருவாக்க முடியாது. சில நாள்களில் மஞ்சளாகிச் சாகும். ஆனால் 1997இல், கிளைபோசேட் அடித்தும் சாகாத திப்பராகி மலேசியாவில் பதிவாயிற்று. உலகில் இந்த மருந்துக்குத் தப்பிய இரண்டாவது களை இனம் அது. நொதியின் நீண்ட சங்கிலியில் 106ஆவது இடத்தில் இருந்த ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பூட்டின் துளை சற்றே வளைந்ததால் சாவி நுழையவில்லை.

மருந்து இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டுகிறது. அவற்றுள் எங்கோ ஒன்றில் மாற்றம் தானாக நிகழ்ந்திருக்கும். ஒரே மருந்தை ஆண்டுக்குப் பல முறை அடிக்கும்போது மற்றவையெல்லாம் செத்து, அந்த ஒன்றின் பிள்ளைகள் மட்டும் நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. படிவம் ஐந்து உயிரியல் பாடத்தில் வரும் இயற்கைத் தேர்வு, சிகாமட்டிலும் குளுவாங்கிலும் உள்ளவை போன்ற செம்பனைத் தோட்டங்களில் நம் கண்முன் நடக்கக்கூடியது இப்படித்தான்.

2015இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியத் திப்பராகியின் ஒரு கூட்டத்தைச் சோதித்தார்கள். கிளைபோசேட், குளுஃபோசினேட், பாராகுவாட், புல்லினங்களை மட்டும் கொல்லும் இன்னொரு வகை என நான்குக்கும் அது தாக்குப்பிடித்தது. இவற்றுள் பாராகுவாட் ஒரு மிடறு உள்ளே போனாலே மனிதர் பிழைப்பது அரிது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை செய்யப்பட்டுள்ளது. தோட்டங்களில் நெடுங்காலம் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பலர் நம் பாட்டிமாரும் அத்தைமாரும்தான். ஆகவே இது வெறும் புல்லைப் பற்றிய கதையன்று.

நம் புல்லைப் பெர்த் நகரில் ஏன் ஆராய்ந்தார்கள்? அவர்களுக்கும் அதே தலைவலி. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்கள் வறண்டவை. மண்ணின் ஈரமும் மேல்மண்ணும் போய்விடக் கூடாது என்று அங்குள்ள விவசாயிகள் உழுவதையே விட்டுவிட்டு, களைக்கு மருந்தை நம்பினார்கள். 'ரைகிராஸ்' என்ற புல் மருந்துகளை ஒவ்வொன்றாக வென்றது. கிளைபோசேட்டுக்குத் தப்பிய முதல் களை அதுதான். இப்போது அங்கே சிலர், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கலப்பைகளை வெளியே இழுத்திருக்கிறார்கள். மண்ணைப் புரட்டும் கலப்பையால் ஒரு முறை ஆழமாக உழுது களை விதைகளை அடியில் புதைத்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் அந்த மண்ணைத் தொடுவதில்லை. ஆழத்தில் கிடக்கும் சிறு விதையிடம் மேலே வந்துசேரும் அளவுக்குச் சேமிப்பு இல்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மட்கிப்போகும். அடுத்த ஆண்டே மறுபடி புரட்டினால், புதைத்ததையெல்லாம் நாமே தோண்டி விதைத்ததாகிவிடும்!

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னும் பழைய ஒரு கருவி. தென்னிந்தியாவின் கரிசல், செம்மண் மானாவாரி நிலங்களில் மாடுகள் இழுத்துச் செல்லும் கத்திக் கருவி. தெலுங்கில் குண்டக்கா, கன்னடத்தில் குண்டெ, மத்திய இந்தியாவில் பக்கர். ஒரு கட்டை, அதன் கீழே படுக்கை வசத்தில் ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் தகடு ஓடிக் களையின் வேரை அறுக்கும்; மண்ணைப் புரட்டாது. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் ஆந்திராவின் அனந்தபூரில், நிலக்கடலையை வரிசையாக விதைத்து, வரிசைகளுக்கு இடையே இதை ஓட்டுவார்கள். மண்ணைப் புரட்டினால் அடியிலுள்ள ஈரம் காற்றுக்குப் போய்விடும். புரட்டாமல் அறுத்தால் ஈரம் தங்கும், களை சாகும்.

1930களில் வட அமெரிக்கச் சமவெளிகளில் வறட்சி வந்து, உழுது பொடியான மண் புழுதிப் புயலாகப் பறந்தது. அப்போது கனடாவின் ஆல்பர்ட்டாவில் சார்ல்ஸ் நோபிள் என்ற விவசாயி ஒரு கருவி செய்தார். அகலமான கத்தி மண்ணுக்கடியில் ஓடிக் களையை அறுக்க, மேலே கோதுமைத் தாள் கலையாமல் நின்று மண்ணைக் காத்தது. 'நோபிள் கத்தி' என்று இன்றும் பெயர். மாட்டுக்குப் பதில் டிராக்டர் என்பதைத் தவிர, தத்துவம் குண்டக்காவுடையதேதான்.

சரி, வேர் அறுந்த செடி ஏன் சாகிறது? அறுத்த காயத்தால் மட்டுமன்று. இலைகள் தொடர்ந்து நீராவிப்போக்கில் நீரை இழக்கின்றன. வேர்த்தூவிகள் மண்ணை விட்டு விலகியதால் ஈடுசெய்ய வழியில்லை. காய்ந்த மண், சுட்டெரிக்கும் வெயில், வறண்ட காற்று மூன்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். முளைத்து வெள்ளை நூல் போல் இருக்கும் பருவத்தில் இன்னும் எளிது. இரும்பு, செடியைப் பெயர்த்துக் கொடுக்கிறது, கொல்வது வெயில்.

ஜொகூரில் சிக்கல் இங்கேதான். இங்கே ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். காலையில் கொத்திப் போட்ட புல் மாலை மழையில் நனைந்து, கணுக்களில் புதுவேர் விட்டு எழுந்துகொள்ளும். லாலாங் புல்லின் தரையடித் தண்டை வெட்டினால், ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகத் தழைக்கும். தொடக்ககால ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர்கள் மண்வெட்டியால் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுரண்டினார்கள். களை போனது, மலைச்சரிவுகளில் மேல்மண்ணும் மழையோடு போனது. பிறகுதான் மரங்களுக்கிடையே புவெராரியா போன்ற அவரையினக் கொடிகளைப் படரவிட்டார்கள். கொடி நிழலிட்டுக் களையை அமுக்குகிறது, மண்ணைப் பிடிக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கிறது. ஈர நாட்டுக்கு இது குண்டக்காவைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஜொகூரில் வறண்ட வாரங்கள் இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பிப்ரவரியை ஒட்டி மழை குறையும். சமதளக் காய்கறித் தோட்டத்தில் அப்போது கொத்தினால் வறள்நிலத்து உத்தி இங்கும் பலிக்கும். லாலாங் தண்டுகளையும் மேலே இழுத்துப் போட்டால் காய்ந்துபோகும்.

இடையில் ஒரு விந்தை: பல களை விதைகளுக்கு முளைக்க ஒளி வேண்டும். உழும்போது ஒரு கணம் படும் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். அதனால் ஜெர்மனியில் கார்ல் ஹார்ட்மன் என்ற ஆய்வாளர் இருட்டில் உழுது பார்த்தார். களை வெகுவாகக் குறைந்ததென 1990இல் எழுதினார். மற்ற இடங்களில் எல்லாருக்கும் அதே பலன் கிடைக்கவில்லை.

நீங்களே சோதிக்கலாம். மழையில்லாத நாளில், காலை பத்து மணிக்குத் திப்பராகிச் செடிகள் பன்னிரண்டை வேரோடு எடுங்கள். மருந்தடித்த இடமாக இருக்கக் கூடாது. நான்கைச் சிமெண்டுத் தரையில் வெயிலில் போடுங்கள். நான்கைக் காய்ந்த மண்மேல் வையுங்கள். மீதி நான்கை ஈர மண்மேல் வைத்து மாலையில் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை எடையைக் குறியுங்கள். மறுநாள் காலை எல்லாவற்றையும் தொட்டியில் நட்டு, ஒரு வாரம் நீர் ஊற்றுங்கள். எத்தனை விழுக்காடு எடை இழந்த செடி மீண்டும் எழவில்லை என்பதைக் குறித்து வையுங்கள்.