உயிரணுவிலிருந்து கொலஸ்டிரால் வெளியேறும் வழி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த செசபீக் விரிகுடாவில் டாஞ்சியர் என்னும் சிறு தீவு உள்ளது. அத்தீவைச் சேர்ந்த சிறுவன் ஒருவனின் டான்சில்கள் பருத்து, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமாகக் காணப்பட்டன. அவற்றில் கொலஸ்டிரால் ஏராளமாகச் சேர்ந்திருந்தது. டாக்டர் டொனால்டு ஃபிரெடரிக்சனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்ததில், அவனுடைய சகோதரிக்கும் அதே நோய் இருப்பது தெரியவந்தது. இருவர் இரத்தத்திலும் எச்.டி.எல். என்னும் கொழுப்புப் புரதத் துகள்கள் ஏறக்குறைய இல்லை. 1961-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இந்நோய், தீவின் பெயராலேயே டாஞ்சியர் நோய் என வழங்கலாயிற்று.

கொலஸ்டிரால் உயிரணுக்களுக்கு இன்றியமையாத பொருள். அவற்றின் மேலுறையில் அதுவும் ஓர் அங்கம். எல்.டி.எல். துகள்களில் வரும் கொலஸ்டிராலை, மேலுறையிலுள்ள ஏற்பிகள் பற்றி உள்ளே சேர்க்கின்றன. இதனைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால், பெரும்பாலான உயிரணுக்களுக்குக் கொலஸ்டிராலைச் சிதைத்து அழிக்கும் ஆற்றல் இல்லை. மிஞ்சியதை அவை வெளியே அனுப்பியாக வேண்டும்.

இவ்வேலையைத் தொடங்கி வைப்பது, உட்கருவிலுள்ள எல்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியாகும். கொலஸ்டிரால் மிகும்போது அதில் ஒரு சிறு பகுதி ஆக்சிஜனுடன் கூடி ஆக்சிஸ்டிராலாக மாறுகிறது. இது எல்.எக்ஸ்.ஆருடன் இணைந்ததும், ஏபிசிஏ1 என்னும் புரதத்தை ஆக்கும் ஜீன் விரைந்து செயற்படுகிறது. மேலுறையில் அமையும் இப்புரதம், கொலஸ்டிராலை இரத்தத்திலுள்ள ஏபோ ஏ-1 என்னும் புரதத்திடம் சேர்க்கிறது. எச்.டி.எல். துகள் உருவாவது இவ்வாறே. பின்னர், கல்லீரலிலுள்ள எஸ்.ஆர்.-பி1 என்னும் ஏற்பி, துகளை முழுதும் விழுங்காமல், கொலஸ்டிராலை மட்டும் பெற்றுக்கொள்கிறது. அது பித்தநீருடன் குடலை அடைகிறது. அதில் ஒரு பகுதி மலத்துடன் கழிகிறது.

டாஞ்சியர் நோய்க்குக் காரணம் ஏபிசிஏ1 ஜீன் பழுதுற்றிருப்பதே என்பது 1999-இல் தெளிவாயிற்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீனைப் பெற்றவர்களிடமே இந்நோய் தோன்றுகிறது. வெளியேறும் வழி அடைபடவே, கொலஸ்டிரால் டான்சில், மண்ணீரல் முதலிய உறுப்புகளில் தங்கிவிடுகிறது.

அங்ஙனமாயின், மருந்தினால் எச்.டி.எல். அளவை உயர்த்தினால் இருதய நோய் குறையுமா? டார்செட்ராபிப் என்ற மருந்து அவ்வளவை வெகுவாக உயர்த்தியது. ஆயினும், அதை உண்டவர்களிடையே மரணங்கள் மிகுந்தமையால் 2006-இல் சோதனை நிறுத்தப்பட்டது. எல்.எக்ஸ்.ஆரைத் தூண்டும் பொருள்களோ, சோதனை விலங்குகளின் கல்லீரலில் கொழுப்பைப் பெருக்கின. ஊரில் நிற்கும் குப்பை வண்டிகளை எண்ணிவிட்டு, அகற்றப்பட்ட குப்பையின் அளவைக் கூற இயலுமோ? எச்.டி.எல். அளவும் அத்தகையதே.

ஆகவே, "நல்ல கொலஸ்டிரால் நிறைய உள்ளது, கவலையில்லை" என்று கூறுவோருக்கு, களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வுண்மையை விளக்குதல் நலம். எல்.டி.எல்., இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துதலும், புகையிலையை விலக்குதலும் எச்.டி.எல். மிகுந்தவருக்கும் தேவையானவையே.